தொட்டி மீன்கள் சாகாத இரகசியம்

எங்கள் குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்க வருகிறவர்களை நான் நேராக மீன் தொட்டிக்குத்தான் கூட்டிப்போவேன்.

"சுத்தமாக்கின தண்ணியில மீன் வாழுது, பாருங்கோ. இதுதான் ஆத்துக்குப் போகுது" என்பேன். அதை நம்பித்தான் எல்லா வீடுகளும் கழிவுக் குழாயை இணைத்தன.

இன்று பின்னேரம் டவுனில், வளர்ப்பு மீன் விற்கும் கடையில் வசந்தியைக் கண்டேன். நிலையத்தைப் பார்த்துக்கொள்பவள். என் பள்ளித் தோழி.

கடைக்காரர் மீனைப் பையில் விட்டுக்கொண்டே அவளிடம் கேட்டார்: "என்ன தங்கச்சி, போனமுறை கொண்டுபோனதும் செத்திட்டுதோ?"

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் சொன்னாள்: "காத்தடிக்கிற மோட்டர் பழுது. காத்து இல்லாட்டி பக்டீரியா கழிவைத் தின்னாது. சொன்னா சனம் குழாயைக் கழட்டிப்போடும். உனக்கும் மரியாதை போயிடும்."

"எப்ப இருந்து?"

"மாரிக்கு முதலே."

"ஆறு கடலோட சேர்ற ஆத்து வாயில மட்டிச் சிப்பி எடுக்கிற பொம்பிளையளிட்ட, பயப்படாமல் எடுங்கோ எண்டு நானெல்லோ சொன்னனான்?"

"ஓம். நீ சொன்னபடியாத்தான் அவையள் நம்பினவை."

ஆறுதல் சொல்வதுபோலத்தான் அதைச் சொன்னாள்.

மீன் பையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அவை என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு வாளிக்குள் நீந்துகின்றன.

நாளை விடிய ஆற்று வாய்க்குப் போய் அந்தப் பெண்களிடம் உண்மையைச் சொல்லவேண்டும். பிறகு எங்கள் வீடுகளுக்கு. இதை வாசிக்கிறவர்களில் கூட வர யார் தயார்? புது மீன் வாங்கித் தருகிறேன் என்பவர்கள் மட்டும் வேண்டாம்.