கடற்கரையில் குடிதண்ணீர்

நேற்று பேத்தி செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கடலோரச் சாலையில் காரில் போனார்களாம்; கண்ட இடத்திலெல்லாம் இறங்கினார்களாம். எல்லாப் படத்திலும் அவளும் அவள் புருஷனும் முழங்கால் அளவு அலையில் நிற்கிறார்கள். நல்லாத்தான் இருந்தது. எனக்குத்தான் வயிறு எரிந்தது. சர்க்கரை, உப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்ன டாக்டர் பொறாமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் தாராளமாகவே பட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு வேலையும் பெண்ணும் கொடுத்தவர் ஒரே ஆள். திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருந்த மாமா. கடையிலும் எதிர்த்துப் பேச முடியாது, வீட்டிலும் முடியாது. வீடு நிறைய ஆட்கள். கல்யாணமாகி வருஷம் ஒன்றாகியும் ஜமீலாவும் நானும் பேசியதெல்லாம் கொசுவலைக்குள் கிசுகிசுத்ததுதான். இரண்டு பேருமே கடலைக் காலண்டரில் மட்டும் பார்த்தவர்கள்.

குடும்பத்தோடு வேனில் நாகூர் தர்காவுக்குப் போனோம். திரும்பும்போது தரங்கம்பாடி வரை கரையோரமாகவே ஓட்டுகிறேன், அங்கங்கே இறங்கிப் பாருங்கள் என்றார் டிரைவர். நான் ஜமீலாவிடம், ஒரு கரையிலாவது நாம் இரண்டு பேர் மட்டும் செத்த நேரம் அலையில் நிற்பது என்று சொல்லிவைத்தேன். முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு எல்லாமே சம்மதமாகத்தான் தெரியும்.

முதல் கரை. கருவாட்டு வாசனை, காது அடைக்கும் காற்று. நான் கைலியை மடித்துக் கட்டினேன். மாமாவோ கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தென்னைகளுக்குப் பின்னால் இருந்த கிணற்றை நோக்கி நடந்தார். உப்புத் தண்ணீரில் ஊறினால் தோல் கெட்டுவிடும் என்பதால் எந்த ஊர்த் தண்ணீரையும் நாக்கில் விட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். ஒரு கை அள்ளிக் குடித்தார். கண்ணை மூடினார்.

"மாப்ள, இங்க வாங்க. கல்கண்டு மாதிரி இருக்கு."

எங்கள் ஊரில் அப்போது ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு விடியுமுன்னே சண்டை நடக்கும். அப்படிப்பட்ட ஊர்க்காரனுக்குக் கடல் அதிசயமில்லை. அதன் பக்கத்திலேயே குடிக்கிற தண்ணீர் இருப்பதுதான் அதிசயம். ஊரிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைக் கொட்டினோம். பிரியாணி தேக்சா, குடம், தகர டின் எல்லாம் நிரம்பின. இறைத்தவன் நான். முடித்து நிமிர்ந்தால் டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

அடுத்த கரை. அங்கே தண்ணீர் இன்னும் இனிப்பாம். முந்தினதைக் கொட்டச் சொன்னார் மாமா. மறுபடியும் கயிறு என் கையில். குடத்தோடு காத்திருந்த மீனவப் பெண் ஒருத்தி கேட்டாள்:

"கடலப் பாக்க வந்தீங்களா, கெணத்தக் காலி பண்ண வந்தீங்களா?"

மாமா பெருமையாக, "திண்டுக்கல்லும்மா" என்றார். அவளுக்கு என்ன புரிந்ததோ, தன் வாளியையும் கொடுத்துவிட்டாள். எனக்கு வேலை இரட்டிப்பானது.

தரங்கம்பாடியில் வயிற்றுவலி என்று பொய் சொல்லிக் கயிற்றை மச்சினன் தலையில் கட்டினேன். ஜமீலாவை அழைத்துக்கொண்டு நைசாக இறங்கிவிட்டேன். ஈரமணல் காலில் பட்டது. இன்னும் பத்தடி போனால் அலை. அவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"மச்சான், கெணத்துல இப்ப கூட்டமே இல்ல."

"கடல் இந்தா இருக்கு, புள்ள."

"அது எங்க போயிரப் போகுது? அந்தச் சின்னக் கொடத்த எடுத்துட்டு வாங்க."

போயே போய்விட்டாள். மடித்துக் கட்டிய கைலியோடு நான் நின்றேன். பிறகு குடத்தை எடுக்கப் போனேன்.

ஊருக்கு வந்ததும் தெருவே திரண்டு ஆளுக்கொரு டம்ளர் குடித்தது. மாமா ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். கடல் எப்படி இருந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தூரத்திலிருந்து நீலமாக இருந்தது என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிறகு பிள்ளைகள், மண்டி, வீடு. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே போய்விட்டது. மாமா போனார். மண்டி போனது. ஜமீலாவும் போய்ச் சேர்ந்தாள். போன வருஷம் மகன் என்னைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போனான். கிணற்றைச் சிமெண்டுப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். தண்ணீர் உப்பாகி ரொம்ப நாளாயிற்றாம். வேட்டியைத் தூக்கிக்கொண்டு அலையில் இறங்கினேன். யாரும் கூப்பிடவில்லை. இரண்டு அலை வந்து போனதும் கரையேறிவிட்டேன்.

"அதுக்குள்ளயா அத்தா? இன்னுஞ் செத்த நேரம் நில்லுங்க" என்றான் மகன்.

"ஒத்தையில எம்புட்டு நேரண்டா நிக்கிறது?" என்றேன்.