ஒன்றாம் பக்கத்துக்கு முன்னால் தவமணி

ஆரப்பாளையத்தில் பல்கலைக்கழகப் பேருந்துக்காக நின்றிருந்தபோது தவமணியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ‘இன்றைக்கும் விடுப்பா?’ என்ற எரிச்சலோடுதான் எடுத்தேன். பேசியது அவர் மகள் கவிதா. “சார், அம்மா விடியக்காலையில போயிட்டாக. நெஞ்சு வலிக்குதுன்னாக, ஆசுபத்திரிக்குப் போறதுக்குள்ள…” என் பேருந்து வந்து நின்று கிளம்பிப் போனது. நான் அவர் ஊரான எழுமலைக்குப் போகும் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அந்த எரிச்சலுக்காக வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

நம் பல்கலைக்கழகத்தின் மின்னாவணக் காப்பகத்தோடு தொடர்புடையவர்களுக்குத் தவமணியைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நூலக மாடியில் ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்து, மாணவர்களின் ஆய்வேடுகளையும் வளாகத்தின் பழைய புகைப்படங்களையும் பக்கம் பக்கமாகக் கணினிக்குள் ஏற்றியவர் அவர். ஒப்பந்த ஊழியர். நான் உதவி நூலகர், காப்பகத்துக்குப் பொறுப்பாளன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எனக்கு முன்கோபம், அவருக்குப் பிடிவாதம். எலியும் பூனையும் ஒரே அறையில் வேலை பார்க்கின்றன என்று கேண்டீனில் கேலி பேசுவார்கள். யார் எலி என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஒருமுறை பழைய விடுதி நாள் படம் ஒன்று கிடைத்தது. மாணவர்களின் பெயர்கள் பின்புறம் வரிசையாக எழுதியிருந்தன. ஓரத்தில் கரண்டியோடு நின்றவருக்கு மட்டும் பெயர் இல்லை. “சமையலர் என்று போட்டு முடியுங்கள்” என்றேன். அவர் முடிக்கவில்லை. “பேரு இல்லாத ஆளு யாரு சார் இருக்கா? நமக்குத் தெரியல, அம்புட்டுத்தான்” என்றார். அடுத்த ஞாயிறு செக்கானூரணிக்குப் போய், ஓய்வுபெற்ற விடுதிக் காவலர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டுவந்தார். “ராமையாவாம் சார். ரசம் வச்சா ஊரே மணக்குமாம்.” அதையெல்லாம் போட இடமில்லை என்றேன். “குறிப்புன்னு ஒரு கட்டம் சும்மாத்தான கெடக்கு?” என்று கேட்டுவிட்டு அதையும் சேர்த்தார். இன்றும் அந்தப் படத்துக்குக் கீழே ராமையாவின் ரசம் இருக்கிறது.

காப்பகத்தின் மானத்தை அவர் காப்பாற்றிய கதையைச் சொல்ல வேண்டும். அதில் என் பிழையும் உண்டு. ஆய்வேட்டில் சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை ஆகிய முதல் பக்கங்களுக்கு ரோமன் எண்கள் போடுவது வழக்கம். முதல் இயலில்தான் ஒன்றாம் பக்கம் தொடங்கும். வேலையை ஆரம்பித்தபோது நான் கொடுத்த உத்தரவு, ‘ஒன்றாம் பக்கத்திலிருந்து எடுங்கள்’ என்பது. அப்படியே எடுத்தோம். ஸ்கேன் முடிந்த அச்சுப் பிரதிகளைக் கழித்துவிடலாம் என்று நானே கையெழுத்தும் போட்டேன். கட்டுக்கட்டாகச் சைக்கிள் நிறுத்தத்தில் அடுக்கியிருந்தார்கள். மறுநாள் பழைய பேப்பர் லாரி வர வேண்டியது.

அன்று டி. கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை வந்தார், எங்கள் பழைய மாணவி. கூலிக்கு நாற்று நட்டு அவரைப் படிக்கவைத்த அப்பாவும் கூட வந்திருந்தார். “அப்பா, ஒங்க பேரு அச்சுல இருக்கு, இப்பப் பாருங்க” என்று சொல்லித் தன் ஆய்வேட்டைக் கணினியில் திறந்தார். நேராக முதல் இயல் வந்தது. முன்னால் ஒன்றுமில்லை. “விடு தாயி, மிசுனு மறந்திருக்கும்” என்றார் அந்தப் பெரியவர்.

தவமணி கீழே இறங்கிப் போனார். கட்டுகளை அவிழ்த்து, அந்த ஆய்வேட்டைக் கண்டுபிடித்து, வேர்க்க விறுவிறுக்கக் கொண்டுவந்து நன்றியுரைப் பக்கத்தை விரித்து வைத்தார். பெரியவர் எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் படித்தார். பிறகு அதே பக்கத்தில் இருந்த தன் அப்பா பெயரையும் படித்தார். இரண்டையும் இன்னொரு தடவை படித்தார்.

அவர்கள் போன பிறகு எங்களுக்குள் சண்டை. “முன்பக்கத்தை யார் படிக்கப் போகிறார்கள்?” என்று கத்தினேன்.

“உள்ள இருக்கறத நாலு பேரு படிப்பாக சார். இந்தப் பக்கத்த அவுக வீட்ல எல்லாரும் படிப்பாக.”

“நாளைக்கு லாரி வருகிறது, தெரியுமா?”

“வரட்டும். வெறும் லாரியாத் திரும்பிப் போகட்டும். நீங்க சொன்னீக, நானும் எடுத்தேன். தப்பு ரெண்டு பேருக்கும்தான்.”

என் உத்தரவு தவறு என்று அன்று மாலையே என் கையால் எழுதிக் கொடுத்தேன். லாரி வெறுமனே போனது. அந்தக் கோடை விடுமுறை முழுக்கத் தவமணி ஒவ்வொரு ஆய்வேட்டையும் அட்டையிலிருந்து மறுபடி எடுத்தார். பிற பல்கலைக்கழகங்களிலிருந்து வருபவர்களிடம் நாங்கள் முதலில் காட்டுவது அந்தப் பக்கங்களைத்தான். ஆடு விற்ற அம்மாக்களும், விடுதியில் சோறு போட்டவர்களும், பஸ் பாஸ் வாங்கித் தந்த மாமன்களும் பெயரோடு இருக்கும் காப்பகம் எங்களுடையது. எனக்கு அதில் அளவில்லாத பெருமை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். கவிதா கைப்பேசியை நீட்டினார். “சார், அம்மா செஞ்ச வேலைய எங்க பாக்கறது?” காப்பகத்தைத் திறந்து ஓர் ஆய்வேட்டைக் காட்டினேன். அடியில், ‘பதிவேற்றியவர்’ என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அடுத்ததைத் திறந்தேன், அதிலும் என் பெயர். ஒப்பந்த ஊழியருக்குக் கடவுச்சொல் கிடையாது என்பதால் இத்தனை வருடமும் அவர் என் கணக்கில் ஏற்றியிருந்தார். எல்லார் பெயரையும் தேடிப்போன மனுஷி தன் பெயரை ஒருநாளும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மிஷின் மறந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாளே அனுமதி கேட்டு எழுதினேன். தவமணி மாதிரியே பிடிவாதம் பிடித்து வாங்கினேன். ஒவ்வொரு பதிவாக நானே உட்கார்ந்து மாற்றினேன். இங்கே படித்துப் போன மாணவர்களே, உங்கள் ஆய்வேட்டைத் திறந்து நன்றியுரையைப் படித்துவிட்டு, கொஞ்சம் அடியிலும் பாருங்கள். பதிவேற்றியவர்: பொ. தவமணி, எழுமலை. குறிப்பு என்ற கட்டம் சும்மாத்தான் கிடந்தது. ‘அட்டையிலிருந்து எடுத்தவர்’ என்று அதில் எழுதியிருக்கிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம்தான். இப்போதெல்லாம் எந்த ஆய்வேடு கைக்கு வந்தாலும் ஒன்றாம் பக்கத்துக்கு முன்னாலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன்.