யப்பானில் வைன் கிடைக்குமா

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் மற்றப் பிள்ளைகள் புலவர்களைப் பற்றிப் பேச, நான் ஒரு பிரஷ்ய இராணுவ அதிகாரியைப் பற்றிப் பேசினேன். எழுதித் தந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. மன்னாரில் சரித்திரம் படிப்பித்தவர். சண்டைக்குத் தப்பி நாட்டை விட்டு வந்து, லிட்கமில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தபடி கோழித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார்.

அந்த அதிகாரி போர்முறை பற்றிப் புத்தகம் எழுதியவர். தன் படை அதிகாரிகளுக்குப் படிப்பிக்க யப்பான் அரசு அவரை அழைத்தது. அவருக்குப் போக மனமில்லை. தன் ஊர் வைன் அங்கே கிடைக்குமா என்று விசாரித்து, கிடைக்கும் என்று அறிந்த பிறகே கப்பல் ஏறினாராம். சில வருடங்கள் படிப்பித்துவிட்டு ஊர் திரும்பினார். பின்னாளில் அவருடைய மாணவர்கள் ரஷ்யாவையே தோற்கடித்தார்கள்.

வைன் வரியை அம்மா வெட்டச் சொன்னார். "சின்னப் பிள்ளையின்ர வாயில குடிக் கதை வேண்டாம். சனம் என்ன சொல்லும்?"

"பூசையில பாதர் குடிக்கிறதும் அதுதானே அக்கா," என்றார் மாமா. ஆனாலும் வெட்டினார்.

முந்திய வருடம் நான் வணக்கம் சொன்னதோடு மேடையில் விறைத்துப்போனவள். இந்த முறை முழுவதையும் சொல்லிவிட்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. எங்களில் பலரைப் போல நானும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதித்தான் பாடமாக்கினேன், அதுவும் அம்மா அந்த வரியை வெட்டச் சொல்ல முன்பே. பொருள் பாதிதான் தெரியும். ஒரு வரி அடுத்த வரியை இழுத்து வரும். வெட்டிய இடத்துக்கு வந்ததும் எதுவும் வரவில்லை. நேரம் போனது. கடைசியில் வைன் வரியையே சொன்னேன். மண்டபம் சிரித்தது. மிச்சம் தானாக வந்தது.

பரிசு இல்லை. பிள்ளை நன்றாகப் பேசியது, விஷயம்தான் சரியில்லை என்று நடுவர் அங்கிள் அம்மாவிடம் சொன்னார். அப்பா கார் ஓட்ட, அம்மா முன் சீட்டில் இருந்து அந்த வைன் வரியைச் சொல்லிச் சொல்லிப் புறுபுறுத்தார். எனக்கோ முழுவதையும் சொல்லி முடித்த சந்தோஷம். பக்கத்தில் இருந்த மாமாவைக் கேட்டேன்.

"நீங்கள் இங்க வர முதல் என்ன கிடைக்குமெண்டு கேட்டனீங்கள், மாமா?"

"என்னை ஆர் பிள்ளை வரச்சொல்லிக் கூப்பிட்டது?"

எனக்கு அது பெரிய மரியாதைக் குறைவாகப் பட்டது. ரீச்சராக இருந்த மனிதரை ஒருவரும் அழைக்கவில்லையாம். நாங்களாவது மாமாவுக்கு ஒரு அழைப்பு அனுப்பியிருக்கலாமே என்று அம்மாவிடம் குறைப்பட்டேன். அம்மா யன்னல் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வைன் வரிக்கான கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்தேன்.