லோரி அண்ணனின் சிவப்புத் திட்டு

பெல்ட்டின் கொக்கியில் கை வைத்தபடி அவர் நின்ற நிற்பு இன்னமும் என் கண்ணில் இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு கிளினிக்கில் நான் டாக்டராகச் சேர்ந்த புதிது. அவர் கேரி தீவிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரி ஓட்டுநர். நாற்பதைக் கடந்த, வாட்டசாட்டமான மனிதர். லோரி அண்ணே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வழக்கமாகப் பார்க்கும் ஆண் டாக்டர் அன்று விடுமுறை. டாக்டரின் நாற்காலியில் ஒரு பெண், நான், உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அண்ணே கதவுப் பக்கம் திரும்பிவிட்டார். பின்னால் வந்த அவர் மனைவி வழிவிடவில்லை.

"ஒரு வருசமா களிம்பு பூசுறாரு டாக்டர். மருந்துக் கடையில இவரு வாங்காத களிம்பு இல்ல. ஆறவே இல்ல," என்றார் அந்த அக்கா. பிறகு கணவரிடம், "டாக்டர்னா டாக்டர்தான் லா. காட்டுங்க."

காட்டினார். முன்தோலைத் தள்ளிப் பார்த்தபோது ஆணுறுப்பின் நுனியில் ஒரு சிவப்புத் திட்டு, வெல்வெட் துணிபோல மினுமினுத்தது. வலியில்லை, சீழில்லை. வெறும் பூஞ்சையாக இருந்தால் இத்தனை களிம்புக்கு எப்போதோ அடங்கியிருக்கும். துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றேன். அவர் முகம் வெளுத்தது.

"வெட்டிடுவாங்களா டாக்டர்? எங்க எஸ்டேட்ல ஒருத்தருக்கு முழுசா எடுத்தாங்க. அப்படின்னா வேணாம். இப்படியே போயிடறேன்."

அதுவரை அதட்டிக்கொண்டிருந்த அக்கா அப்போதுதான் அழுதார். அந்த அழுகைக்காகத்தான் அண்ணே அந்தச் சோதனைக்குக் கோலாலம்பூர் மருத்துவமனைக்குப் போகச் சம்மதித்தார் என்று நினைக்கிறேன்.

சோதனை முடிவு வந்தது. மாறிப்போன அணுக்கள் மேல்தோலிலேயே இருந்தன, கீழே இறங்கவில்லை. "இது இன்னும் புற்றுநோய் ஆகல அண்ணே. விட்டா ஆகலாம். முன்தோலை மட்டும் எடுப்பாங்க. அப்புறம் ஒரு மருந்துக் களிம்பு. உறுப்புக்கு ஒண்ணும் ஆகாது," என்றேன். அவர் மெதுவாக, "முன்தோலை எடுத்தா மதம் மாறிட்டேன்னு சொந்தக்காரங்க பேசுவாங்களே," என்றார். "பேசட்டும். நீங்க உயிரோட இருந்து அதைக் கேளுங்க," என்றார் அக்கா.

அந்தக் களிம்பு என்ன செய்யும் என்று நான் படித்திருந்தேன், பார்த்ததில்லை. முன்தோலை எடுத்தபின் அதைப் பூசத் தொடங்கிய சில வாரங்களில் திட்டு கொதித்துச் சிவந்து புண்ணாகி நீர் வடிந்தது. லோரியில் உட்கார முடியாமல் அவர் வீட்டில் இருந்தார். எனக்கே உள்ளுக்குள் பயம். கோலாலம்பூர் நிபுணரைக் கேட்டேன், மருந்து வேலை செய்கிறது என்றார். களிம்பை நிறுத்தியபின் ஒவ்வொரு முறையும் பார்க்கப் பார்க்க, புண்ணின் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் நகர்ந்து வந்து இடத்தை மூடியது. கெட்டது எது, நல்லது எது என்று அந்த உடம்புக்கு யார் சொல்லிக் கொடுத்தது? விளக்கை இன்னும் அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். மறுபடி சதை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. ஆனாலும் அண்ணே விடாமல் சோதனைக்கு வந்துகொண்டிருந்தார்.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் பிறகு வந்தது. ஒரு சனிக்கிழமை காலை கிளினிக் வாசலில் ஒரு வேன் நின்றது. லோரி ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக அண்ணே இறங்கி, "எல்லாரையும் ஒரு பார்வை பாத்துடுங்க டாக்டர்," என்றார். பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை, சிலருக்குச் சாதாரணப் பூஞ்சை. ஒரே ஒருவருக்கு, அடுத்த மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தவருக்கு, முன்தோல் வெளுத்துத் தடித்திருந்தது. தக்க நேரத்தில் கோலாலம்பூர் நிபுணரிடம் அனுப்பினோம், குணமானார்.

இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஓய்வாக இருக்கிறேன். இதையெல்லாம் யாரும் கைப்பேசியில் தேடிப் படித்துவிடலாம். இருந்தும் ஆண்கள் தாமதமாகத்தான் வருகிறார்கள் என்று இளம் டாக்டர்கள் சொல்லும்போது எனக்கு அந்த மாப்பிள்ளைதான் நினைவுக்கு வருகிறார். எப்படித் தைரியம் வந்தது என்று அன்று அவரைக் கேட்டேன்.

"காப்பிக் கடையில அண்ணே எழுந்து நின்னு தனக்கு என்ன இருந்துச்சுன்னு பச்சையா சொன்னாரு டாக்டர். கடை முழுக்க ஆளுங்க. ஒருத்தரும் சிரிக்கல."