கால்கயிற்றில் இரண்டாவது ஆள்

மார்ச் 9, திங்கள்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். ஜோடியாக மட்டுமே ஏற வேண்டிய பாய்மரத்தில், கூட வருபவர் வருகிறாரா என்று பார்க்காமல் ஏறிவிட்டேன். அதன் பிறகு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இதில் கற்பனை ஒரு வரிகூட இல்லை. ஊரில் நான் போகும் மாலை நேரக் கதை வகுப்புக்கு எழுதும் பயிற்சியும் இல்லை இது. நம்புவதும் நம்பாததும் படிப்பவர் பாடு.

இந்தப் பாய்மரக் கப்பலில் தொண்டராகச் சேர்ந்து ஆறு நாள் ஆகிறது. கரையோரமாகவே போகிறோம். சம்பளம் கிடையாது. கயிறு இழுக்க வேண்டும், தளம் தேய்க்க வேண்டும், பாய் கட்ட வேண்டும். மற்ற எல்லோரும் முன்பே சேர்ந்து பயணம் செய்தவர்கள். சாப்பாட்டு மேசையில் அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பது எனக்குத் தெரியாத பழைய கதைகளுக்கு. என் பெயரை யாரும் கேட்கவில்லை. 'புதுசு' என்றே வைத்துவிட்டார்கள். வாடகை அறையின் தனிமையைத் தொலைக்கத்தான் இங்கே வந்தேன். அது எனக்கு முன்பே வந்து இடம் பிடித்து வைத்திருந்தது.

மாலையில் காற்று வலுத்தது. மேல்தளத்து வேலைகளுக்குப் பொறுப்பான சாரங்கு, முன்மரத்துப் பாயைச் சுருட்டிக் கட்டச் சொன்னார்.

"புதுசு, நீயும் பல் டாக்டரும் ஏறுங்க. தப்பு கிப்பு பண்ணினே, மிச்ச நாள் முழுக்க அடுப்படியில வெங்காயம்தான் உரிக்கணும்."

பல் டாக்டரும் ஒரு தொண்டர்தான். கனத்த உடம்பு.

"நீ போ தங்கச்சி, பின்னாடியே வரேன்" என்றார்.

ஏறினேன். கயிற்று ஏணி எனக்குக் கீழே அசைந்துகொண்டே வந்தது. டாக்டர் வருகிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பாய் தொங்கும் குறுக்குக்கட்டைக்குக் கீழே, நிற்பதற்கு ஒரு கால்கயிறு ஓடும். இன்னொருவர் அதில் கால் வைத்தால் கயிறு இறுகி நம்மை மேலே தூக்கும். தடுமாறினால் விழ வேண்டியதுதான். அதனால் ஒரு விதி. கால் வைக்குமுன் "ஏறுறேன்" என்று கத்த வேண்டும். ஏற்கெனவே நிற்பவர் "ஏறு" என்ற பிறகே ஏற வேண்டும்.

கட்டையின் பாதிவரை நகர்ந்தேன். இடுப்புக் கொக்கியைக் கம்பியில் மாட்டிவிட்டுப் பாயைச் சுருட்டத் தொடங்கினேன். மணி 6.40. வெளிச்சம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

கால்கயிறு இறுகியது.

ஒரு சாண் உயர்ந்தேன். "ஏறுறேன்" என்று யாரும் சொல்லவில்லை.

"சொல்லிட்டு ஏறக்கூடாதா டாக்டர்?"

மூச்சிரைப்புகூடக் கேட்கவில்லை. நாலு படி ஏறினாலே டாக்டருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும்...

சர்... சர்... பாயின் வெளிப்பகுதி சுருண்டுகொண்டிருந்தது. ஒருவர் குனிந்து கட்டிக்கொண்டிருந்தார். முகத்தைப் பாய் மறைத்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இந்த ஆறு நாளில் ஒருவர் என் பக்கத்தில் நின்று, என் வேகத்துக்கு வேலை செய்வது அதுதான் முதல் தடவை.

பிறகுதான் உறைத்தது. அவர் நின்றது எனக்கு வெளிப்பக்கம், கட்டையின் முனைப் பக்கம். மரத்திலிருந்து வருபவர் என்னைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

என்னை யாரும் தாண்டவில்லை.

காற்று என் சட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவர் சட்டை அசையவில்லை...

கயிறு தளர்ந்தது. நான் ஒரு சாண் இறங்கினேன். அவர் இன்னும் வெளியே, முனைக்குப் போய்விட்டார்.

"வா..."

மெதுவான குரல். அன்பான குரல்.

"இங்க இடம் இருக்கு."

என் கை கொக்கியைக் கழற்றியது.

ஓர் அடி.

இன்னோர் அடி...

"புதுசு!" கீழேயிருந்து சாரங்கு. "யாரு கூடப் பேசிட்டிருக்கே? அசையாத! அங்கேயே நில்லு!"

நின்றேன்.

முனையில் யாரும் இல்லை.

தளத்துக்கு இறங்கி வந்தபோது, டாக்டர் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குமட்டலில் ஏணிப் பக்கமே போகவில்லையாம்.

"ஊர்ல எல்லாரையும் வாயத் திறங்கன்னு சொல்றவரு, இங்க வந்து மூட முடியாம கிடக்கறாரு" என்றார் சாரங்கு. பிறகு என்னைப் பார்த்தார். "வெளிமுனைக்குப் போகாதேன்னு உங்கிட்டச் சொல்லச் சொல்லி இவர்கிட்டச் சொன்னேனே, சொன்னாரா?"

"இல்லையே. ஏன்?"

"அங்க கால்கயிறு கிடையாதும்மா. இத்துப்போயிருந்துச்சு. மத்தியானம் நான்தான் கழட்டினேன்."

இருவரும் மேலே பார்த்தோம். நான் கட்டியது பாதிப் பாய். ஆனால் வெளிமுனைவரை முழுப் பாயும் இறுக்கிக் கட்டியிருந்தது. சாரங்கு அந்த முடிச்சுகளின்மேல் டார்ச்சை வெகுநேரம் அடித்துக்கொண்டே நின்றார். வெங்காயத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

இப்போது மணி 9.15. படுக்கையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேசைப் பக்கம் வழக்கம்போலச் சிரிப்புச் சத்தம். இந்தக் கப்பலில் என்னை 'வா' என்று கூப்பிட்டது அந்த ஒரு குரல்தான். மறுபடி கூப்பிட்டால் நான் போகாமல் நிற்பேனா, தெரியவில்லை.

நாளை காலை 6 மணி: வெளிமுனைக்குப் புதுக் கால்கயிறு கட்ட வேண்டும். சாரங்கு முனைக்குப் போவார். நான் கட்டையின் பாதியில் நின்று கயிற்றை எடுத்துக் கொடுக்க வேண்டும்.