ஒரு ஆள் தூக்கும் பேஸ் பெட்டி

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு கலியாண வீட்டுக்கு டிஜே போடப் போனபோது என் மைத்துனனின் இடுப்பு பிடித்துக்கொண்டது. மைத்துனன் என்றால் என் மனைவியின் தம்பி. எங்கள் தொழிலில் மொத்தமே இரண்டு பேர். பாட்டுப் போடுவது நான், பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவன். அப்போது எங்களிடம் இருந்தவை பதினெட்டு இன்ச் ஸ்பீக்கர் வைத்த பழைய மரப்பெட்டிகள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தால்தான் நகரும். வாடகை வேன் தேயிலை ஃபேக்டரி வரைக்கும் போகும், அதற்கு மேல் படிகள். தேயிலைத் தோட்டத்தில் நல்ல காரியங்கள் எல்லாம் ஏன் எப்போதும் மலை மேல் இருக்கும் லயத்து வீடுகளிலேயே நடக்கின்றன என்று நான் பலமுறை எரிச்சல்பட்டிருக்கிறேன். அன்று பாதிப் படியில் அவன், "மச்சான், கீழ வைங்க" என்றான். வைத்தோம். அதன் பிறகு அவனால் நிமிர முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "பர உஸ்ஸண்ட எப்பா" என்று சிங்களத்தில் சொன்னார். பாரம் தூக்காதே. அவ்வளவுதான் வைத்தியம். தோட்டத்து வேலையிலிருந்து பெயரை வெட்டிக்கொண்டு என்னோடு வந்தவன் அவன். பாரம் தூக்கக்கூடாது என்றால் அவனுக்கு என்னிடம் என்ன வேலை? என் மனைவி, "தூக்குறதுக்கு வேற ஆள பாத்துக்கங்க. ஆனா தம்பிய வுட்டுறாதீங்க" என்றாள். இரண்டையும் சேர்த்து எப்படிச் செய்வது என்று அவள் சொல்லவில்லை. வருகிற வருமானம் மூன்று பேருக்குக் காணாது. ஆளை மாற்றுவதை விடப் பெட்டியை மாற்றலாம் என்று முடிவெடுத்தேன். பெட்டி சிறிதானால் அவன் இருப்பான் என்பது என் எண்ணம்.

இருவருமாகக் கண்டிக்குப் போனோம். கடைக்காரர் வாட்ஸ் எத்தனை என்பதிலிருந்து ஆரம்பித்தார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாட்ஸை யாரும் முதுகில் சுமப்பதில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் தோளில் வைத்து, கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்தேன். கடைக்காரர் முதலில் சிரித்தார், மூன்றாவது பெட்டிக்கு மேல் சிரிக்கவில்லை. பத்து இன்ச் பெட்டி சும்மா பறந்தது, ஆனால் தகர டப்பாவைத் தட்டுவது போல இருந்தது அதன் சத்தம். பதினைந்து இன்ச் பெட்டி பிளாஸ்டிக். எடை பரவாயில்லை, ஆனால் அகலமாக இருந்ததால் தோளில் நிற்கவில்லை. பிடியும் ஒரு பக்கம்தான்.

பன்னிரண்டு இன்ச் பெட்டி ஒன்று பிளைவுட்டில் செய்தது. இரண்டு பக்கமும் பிடி. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருந்ததால் தனியாக இன்னொரு பெட்டி சுமக்க வேண்டாம். என் மைத்துனன் அதன் முன்னால் குந்தி, காற்று வரும் துவாரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பிறகு கடைக்காரரிடம், "இத வெளியில வச்சி போடுங்களேன். உள்ளுக்கு சொவரு இருக்கு. எதப் போட்டாலும் முழங்கத்தான் செய்யும்" என்றான். கடைக்காரர் வேண்டாவெறுப்பாக வயரை இழுத்துக் கடை வாசலில் வைத்துப் போட்டார். வெளியிலும் சத்தம் சாகவில்லை. அதில் இரண்டு வாங்கினோம்.

மஸ்கெலியாவுக்கு மேலே, பெண் பெரியபிள்ளையான ஒரு சடங்கு வீட்டுக்குத்தான் அவற்றை முதலில் கொண்டு போனோம். ஞாயிற்றுக்கிழமை, பகல் விசேஷம். எங்கள் பக்கத்தில் சடங்கு வீட்டுக்கு சவுண்ட்ஸ் பிடிப்பது தாய்மாமன். தட்டு வரிசையைப் போல அதுவும் அவர் கொண்டுவரும் சீர். தட்டை எண்ணுகிறவர்கள் பெட்டியையும் பார்ப்பார்கள். அந்தத் தாய்மாமன் எங்கள் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, ரேடியோவா?" என்றார்.

நான் வழக்கம் போல வாசலின் இரண்டு மூலைக்கும் ஒவ்வொன்றாக வைத்தேன். சத்தம் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது. என் மைத்துனன் இரண்டையும் சேர்த்து, லயத்துக்குப் பின்னால் மலையை வெட்டிய மண் சுவரை ஒட்டி வைக்கச் சொன்னான். வைத்ததும் கூரைத் தகரம் அதிர்ந்தது. தாய்மாமன் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "சத்தம் சரிதாங்க. பாக்குறதுக்குத்தான் ஒண்ணுமில்ல" என்றார். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன். அடுத்த மாதத்துக்கு எங்களைப் பேசி வைத்திருந்த இரண்டு வீட்டார் வேறு செட் பிடித்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு கிடைத்த சடங்கு வீடு திம்புள்ளைப் பக்கம். அன்று காலை எனக்கு ஹட்டனில் வேலை இருந்ததால், என் மைத்துனன் வேனில் முன்னால் போய்விட்டான். நான் பஸ்ஸில் போய் இறங்கி மேலே ஏறினால், வாசலின் இரண்டு பக்கமும் எங்கள் பழைய மரப்பெட்டிகள் நிற்கின்றன. ஓடிப்போய், "யாருடா தூக்குனது?" என்றேன்.

"நானும் வேன்காரரும்தான். உள்ள ஒண்ணுமில்ல மச்சான். ஸ்பீக்கர கழட்டிட்டேன். வெறும் பலக" என்றான். புதிய பெட்டிகள் லயத்துக்குப் பின்னால், அங்கேயும் இருந்த மண் சுவரை ஒட்டி, வாழை இலைத் தோரணத்துக்குள் ஒளிந்திருந்தன.

அன்று எல்லோருக்கும் திருப்தி. அந்த வீட்டுத் தாய்மாமன் ஒரு வெறும் பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். ஒரு பெரியவர் அதன் முன்னால் நின்று, "பெட்டின்னா இது பெட்டி, நெஞ்சுல வந்து அடிக்குதுல்ல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. பாட்டு ஓடிய நேரம் முழுவதும் நான் என் மைத்துனனின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசேஷம் முடிந்து, மழைக்கு முன்னால் வயர் சுருட்டும்போது கேட்டேவிட்டேன். "ஒன் இடுப்புக்காகத்தான்டா சின்ன பெட்டி வாங்குனேன். நீ வெறும் பலகைய தூக்கிட்டு வந்து நிக்கிற. இந்த வீடு போனா இன்னொரு வீடு வராதா?"

"வீட்டுக்காக இல்ல மச்சான்."

"பின்ன எதுக்கு?"

அவன் வயரைச் சுருட்டி முடித்தான். "சின்ன பெட்டிய நீங்க ஒத்தையாவே கொண்டு போயிருவீங்க. இதுக்குத்தான் ரெண்டு பேரு வேணும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவன் இல்லாமலே நடக்கக்கூடிய தொழிலை நானே வாங்கி வந்திருக்கிறேன். அவன் இதைச் சொல்லாமல் எத்தனை நாள் வைத்திருந்தானோ. பெட்டியை எங்கே வைப்பது என்று உன்னை விட்டால் எனக்கு யார் சொல்வார்கள் என்று கேட்டிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

தூறல் பிடிக்க ஆரம்பித்தது. புதிய பெட்டிகளை ஒவ்வொன்றாக நானே கொண்டுபோய் வேனில் வைத்துவிட்டு மேலே வந்தேன். அவன் மரப்பெட்டியின் ஒரு பக்கத்துப் பிடியைப் பிடித்தபடி காத்திருந்தான். படியில் இறங்கும்போது பாரம் கீழே இருப்பவன் மேல்தான் சாயும் என்பதால் நான் கீழ்ப்பக்கம் போய்ப் பிடித்தேன். தூக்கியதுமே தெரிந்துவிட்டது, அதற்கு ஒரு ஆள் போதும். நான் என் பக்கத்துப் பிடியை விடவில்லை. "பாத்து மச்சான், படி வழுக்குது" என்று அவன் மேலிருந்து சொல்லிக்கொண்டே வந்தான்.