பேஷண்ட் யாரு, கூட வந்தது யாரு?

போன வாரம் குரோம்பேட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் பாயசத்துக்காகக் காத்திருந்தபோது எதிர்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி என்னையே உற்றுப் பார்த்தார்.

சரி, இந்தப் பத்தியில் வரும் போட்டோவை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார் என்று முகத்தைக் கொஞ்சம் எழுத்தாளர் மாதிரி வைத்துக்கொண்டேன்.

"நீங்க வசந்தா அக்கா வூட்டுக்காரர்தானே? எங்க அண்ணிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாங்களே, அந்த வசந்தா அக்கா?"

ஆமாம் என்றேன். வாராவாரம் எழுதி என்ன பிரயோஜனம்? தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை நான் வசந்தாவின் வீட்டுக்காரர், அவ்வளவுதான். பொறாமையா என்று கேட்கிறீர்களா? சத்தியமாக இல்லை. ரொம்பப் பெருமையாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் என் மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி. "நெறி கட்டியிருக்கு, தானா அமுங்கிடும்" என்றாள். நானும் சரி என்றேன். மஞ்சள் பற்று போட்டாள். நாலு மாசம் போட்டாள்! இதே நான் ரெண்டு தும்மல் போட்டால் அன்று சாயங்காலமே டாக்டர் வாசலில் நிற்கிற ஆள். அவள் கட்டிக்காக ஒரு நாள்கூட நான் கவலைப்பட்டதில்லை... இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் டெஸ்ட் எடுத்தார்கள். லிம்ஃபோமா. நெறி கட்டுகிற அதே இடங்களில் வருகிற புற்றுநோய்.

முதல் நாள் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு நாற்காலிதான் காலி. அதில் நான் உட்கார்ந்துவிட்டேன். பை, ஃபைல், பிளாஸ்க் சகிதம் பக்கத்தில் நின்றாள் வசந்தா. நர்ஸ் வந்தார். "சட்டைய மடிச்சு விடுங்க சார்" என்று என் கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றிவிட்டார்!

"பேஷண்ட் நான்தான் சிஸ்டர்" என்றாள் வசந்தா.

நர்ஸைச் சொல்லிக் குற்றமில்லை. உட்கார்ந்திருப்பவர் நோயாளி, பையோடு நிற்பவள் மனைவி – அவர் தினமும் பார்ப்பது அதைத்தானே? மருந்து ஏற்றும் ஹாலுக்குப் போனால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆண்கள் பக்கம், கட்டிலுக்கு ஒரு மனைவி. விசிறி என்ன, ஹார்லிக்ஸ் என்ன... பெண்கள் பக்கம் பாதிப் பேருக்குத் துணை, தலைமாட்டில் இருந்த வயர்கூடைதான்.

டாக்டரம்மா அலுத்துக்கொண்டார். "நான் பாத்த வரைக்கும் லேடீஸுக்கு இந்த மருந்து நல்லாவே கேக்குது சார். ஜென்ட்ஸை விட ஒரு படி மேலேன்னுகூடச் சொல்வேன். ஆனா வர்றதே லேட்டு. வந்தாலும் மூணாவது ஊசியோட நின்னுடறாங்க. கேட்டா, வீட்ல பாத்துக்க ஆளில்லம்பாங்க."

நான் பலமாகத் தலையாட்டினேன். ரெண்டாவது ஊசிக்கு? ஆபீஸில் ஆடிட்! வசந்தா தனியாகத்தான் எலக்ட்ரிக் டிரெயின் ஏறினாள்.

அங்கே அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். பக்கத்துக் கட்டில் ராணி, திருநீர்மலைக்காரி. அதே வியாதி, அதே நாள் ஊசி. மூன்று வாரத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு.

நாலாவது ஊசிக்கு ராணி வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, "திருநீர்மலை போய்ட்டு வரலாம், வாங்க" என்றாள் வசந்தா. பெருமாளைச் சேவிக்கத்தான் என்று நான் வேட்டியெல்லாம் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸைவிட்டு இறங்கியவள் மலைப்படிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அட்ரஸ் விசாரித்துக்கொண்டே ஒரு தெருவுக்குள் நுழைந்தாள்.

வாசலில் ராணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா பண்றது? ஊசி போட்டுகினு வந்தா மூணு நாளு எந்திரிக்க முடில. சோறாக்க ஆளு வோணாவா? கட்டிதான் அமுங்கிப்போச்சே, போதும்னு வுட்டுட்டேன்."

தோல் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் கணவர் முனுசாமி வெளியே வந்தார். "நல்லாத்தான் கீது மேடம். முடிதான் கொட்டிப்போச்சு. தெருவுல ஒரு மாதிரி பேசுறாங்க."

வசந்தா தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். என் எதிரில்கூட அவள் அதை அவிழ்த்ததில்லை. இப்போது நடுத்தெருவில், நாலு வீட்டு ஜனம் பார்க்க, ஒரு முடிகூட இல்லாமல் நின்றாள்.

"நல்லாப் பாத்துக்கங்க. எனக்கும் அதே வியாதி, அதே மருந்து. கட்டி அமுங்கினா வியாதி போச்சுன்னு அர்த்தமில்ல. பாதியில விட்டா திரும்பி வரும், அப்ப இந்த மருந்து கேக்காமலும் போகலாம். ஆறையும் முடிக்கட்டும், பொழைச்சுக்குவா. ஒரு ஊசிக்கு மூணு நாள்தானே, நீங்க சோறு வடிங்க அண்ணா. இவரும் நாளையிலேர்ந்து கத்துக்கப் போறார்."

இவர் என்றால்... நான்தான்! அந்த நிமிஷம் வரை எனக்கே தெரியாது.

முனுசாமி என்னைப் பார்த்தார். நான் முனுசாமியைப் பார்த்தேன்.

"இன்னா சார், பேஜாரா பூட்ச்சே" என்றார் மெதுவாக. பிறகு ராணியிடம், "அந்தச் சீட்ட எட்தாம்மே, என்னிக்கி வரணும்னு டாக்டரம்மாவக் கேட்டுருவோம்" என்றார்.

ராணிக்கு மூன்று ஊசி பாக்கி. ஒன்றுக்குத்தான் முனுசாமிக்கு லீவு கிடைத்தது. மற்ற இரண்டுக்கும் வசந்தா துணைக்குப் போனாள். தன் ஊசியே முடிந்தபாடில்லை, அதில் இது வேறு! அலையாதே என்று டாக்டரம்மா திட்டியதை மட்டும் அவள் காதில் வாங்கவே இல்லை. ஆறும் முடிந்தது, இருவருக்கும். போன மாசம் செக்கப்புக்குச் சேர்ந்தே போய்விட்டு வந்தார்கள். ஒரு குறையும் இல்லை.

ஆம்பிளைக்கு வியாதி வந்தால் பெண்டாட்டி இருக்கிறாள். ராணிக்கு வந்தபோது வசந்தா இருந்தாள். வசந்தாவுக்கு நான் இருந்தேன் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது.

ஆனால் இந்தப் பத்தியை முதலில் படிப்பது அவள் ஆயிற்றே!